மணல் வலியா, மணல் வழியா?

தொப்பிதான் முதலில் உள்ளே வந்தது. சீதாராமன் அதற்குப் பின்னால் வந்தார்.

முசஃபா தொழிற்பேட்டையில் டயர் கடைக்கும் பெயின்டிங் கராஜுக்கும் நடுவே நசுங்கிக் கிடக்கும் நாகஜோதியின் அலுவலகக் கதவு, அமெரிக்க மாட்டுக்காரத் தொப்பிகளை உத்தேசித்துக் கட்டப்பட்டதல்ல. அவர் பக்கவாட்டில் திரும்பி, மேடையேறும் பாவனையோடு நுழைந்தார். காலில் முழங்காலைத் தொடும் தோல் பூட்ஸ், கழுத்தில் சிவப்புக் கைக்குட்டை. அசலாக மாடு மேய்க்கிறவனாக இருந்தால் அபுதாபியின் ஆகஸ்ட் வெயிலில் மாட்டை அவிழ்த்துவிட்டு லுங்கிக்கு மாறியிருப்பான்.

"அக்கா, ஷெரிஃப் வந்திருக்கிறார்," என்றான் தாரகன்.

தாரகன் யாழ்ப்பாணத்தான். நாகஜோதிக்கு டிரைவர், உதவியாளன், டீ மாஸ்டர். சம்பளம் வாங்குவது இந்த மூன்று வேலைக்கும். முழுநேரமாகச் செய்வது வாயடிப்பது. நாகஜோதி மதுரைக்காரி. கார் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் நெடுங்காலம் விபத்துகளை விசாரித்தவள். நசுங்கிய பம்பரைப் பார்த்தே, ஓட்டியவன் சொல்லப்போகும் பொய்யின் நீள அகலத்தைச் சொல்லிவிடுவாள். இப்போது வெளிப் பலகையில் 'டைப்பிங் சென்டர்' என்று எழுதி, விசா விண்ணப்பங்களை அரபியில் அடித்துத் தருகிறாள். துப்பறிய லைசென்ஸ் கேட்டுப் போனால் எந்தக் கவுண்டர் என்று யாருக்கும் தெரியவில்லை.

"நான் சீதாராமன். அறிமுகம் தேவைப்படாது என்று நினைக்கிறேன்."

"தேவைப்படுது. உட்காருங்க."

உட்காராமலே சொன்னார். "ழகரப் பேரவையின் நிறுவனர், தலைவர், பொருளாளர். ஒரு நிதி நிறுவனத்தில் சீனியர் வைஸ் பிரசிடென்ட். வளைகுடாவின் முதல் தமிழ் கன்ட்ரி-பாப் பாடகர்."

"எந்தக் கன்ட்ரி சேர்?" என்று கேட்டான் தாரகன்.

ஹோட்டலில் தண்ணீர் வைக்கிறவரைப் பார்க்காமல் இருப்பதுபோல் சீதாராமன் அவனைப் பார்க்காமல் இருந்தார். கைப்பேசியை மேசையில் சாய்த்து வைத்தார். 'மணல் வலி' என்ற தலைப்பு பொன்னெழுத்தில் மின்னியது. கிட்டார் ஒன்று அழ ஆரம்பித்தது. மணல்மேட்டின் உச்சியில், இதே தொப்பியும் பூட்ஸுமாகச் சீதாராமன்.

*மணல் வலியில் நான் நிற்கிறேன்,*
*மாலை வந்தால் நீ வருவாய்,*
*பேசு, நீ பேசினால் போதும்...*

பாட்டு முடியும்வரை அவர் அந்த மேட்டில் நின்றார். கேமரா சுற்றியது, அவர் நின்றார். ஒட்டகம் ஒன்று வந்தது, அவரைப் பார்த்தது, சலித்துப் போனது, அவர் நின்றார்.

"கடைசிவரை இருக்கவே விடேல்லையா?" என்றான் தாரகன். "கால் நொந்திருக்குமே."

"நிற்கிறேன் என்பதுதான் பாடலின் ஆன்மா," என்றார் சீதாராமன் கூரையைப் பார்த்து. "புலம்பெயர்ந்தவன் நிற்கிறான். வேரின்றி நிற்கிறான்."

"நிழலும் இன்றி."

"மணலுக்கு வலிக்குமா சார்?" என்று கேட்டாள் நாகஜோதி.

"சாமானியனுக்குக் கேட்காது. கவிஞனுக்குக் கேட்கும்." அவர் குரல் திடீரென்று கறுத்தது. "இதை நான் வெளியிடுவதற்கு ஒரு வாரம் முன்பே கனகரத்தினம் என்கிற ஒரு கார்கோ வியாபாரி, இதே மெட்டில், இதே வரிகளைப் பாடி யூடியூபில் போட்டுவிட்டான். நான் பாடியது சாகிர் பாயின் ஸ்டூடியோவில். அங்கே சவுண்ட் எஞ்சினியர் கிருபன். யாழ்ப்பாணம். கனகரத்தினமும் யாழ்ப்பாணம். கிருபன்தான் விற்றிருக்கிறான். இன்று சாயங்காலம் பேரவை விழா. மேடையில் அந்தத் திருடன் பெயரைச் சொல்லப்போகிறேன். நாளைக் காலை சாகிர் பாய் அவன் விசாவை கேன்சல் செய்கிறார். உங்களிடமிருந்து ஓர் அறிக்கை வேண்டும். விசாரித்ததாக."

"விசாரிக்காமலேவா?"

"விசாரியுங்கள். ஆனால் முடிவு இதுதான்."

"பாட்டை எழுதினது நீங்கதானே?"

அவர் நெஞ்சை நிமிர்த்தினார். "என் வீட்டில் பிறந்த பாட்டு அம்மா அது!"

தொப்பி மறுபடி பக்கவாட்டில் திரும்பி வெளியேறியது.

"எழுதினது நான்னு அவர் சொல்லவே இல்லை, கவனிச்சியா?" என்றாள் நாகஜோதி.

"அவர் இங்கேயிருந்து போனதைத்தான் கவனிச்சன். அவ்வளவு சந்தோசம்."

* * *

சாகிரின் ஸ்டூடியோ இரண்டு தெரு தள்ளி, வெல்டிங் பட்டறைக்கு மேல்மாடியில். கீழே இரும்பு அறுப்பது நிற்கும் இடைவெளிகளில்தான் மேலே காதல் பாட்டு பதிவாகும். கிருபன் கம்பிச் சுருள்களுக்கு நடுவே குந்தியிருந்தான். மெலிந்த ஆள், முகத்தில் இரண்டு நாள் தாடி.

"நான் குடுக்கேல்லை அக்கா. கனகரத்தினத்தாரை நான் ரெண்டு கல்யாண வீட்டிலதான் கண்டிருக்கிறன்."

"வீட்டுல யாரு?"

"மனிசி, சிவரூபி. நர்சரியில வேலை. என்ட விசாவிலதான் நிக்கிறா. நான் போனா அவவும் போகவேணும்." கம்பியைச் சுருட்டினான், அவிழ்த்தான். "அவ பெட்டி அடுக்கத் தொடங்கியிட்டா."

தாரகன் குனிந்து கம்பியின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டான்.

"பாட்டைப் பதிவு பண்ணும்போது ஏதாவது விசேஷமா நடந்துச்சா?"

"அவர் 'வலி' எண்டு பாடினார். வழியோ சேர் எண்டு கேட்டன். ழகரப் பேரவைத் தலைவருக்கே நீ ழகரம் படிப்பிக்கிறியோ எண்டு பேசிப்போட்டார். பேந்து நான் வாய் திறக்கேல்லை."

"பேப்பரைப் பாத்துப் பாடினாரா?"

"ஐபேடைப் பாத்து. ஆருக்கும் காட்டேல்லை. நெஞ்சோட அணைச்சுக்கொண்டு பாடினார். நான் ஏதோ பக்தி எண்டு நினைச்சன்."

* * *

கனகரத்தினத்தின் கார்கோ குடோன் முசஃபாவின் மறுகோடியில். அட்டைப் பெட்டிகளின் கோபுரத்துக்கு நடுவே கண்ணாடி அறை, அதற்குள் ஏசி, ஏசிக்குள் கனகரத்தினம். அவர் தலையிலும் ஒரு தொப்பி. இது கறுப்பு, விளிம்பு இன்னும் இரண்டு விரல் அகலம்.

"முதல் ஆள் வெள்ளைத் தொப்பி, அடுத்தவர் கறுப்புத் தொப்பி," என்று முணுமுணுத்தான் தாரகன். "சுடுறதுக்குத் துவக்கு மட்டும்தான் குறை."

"நானே சொல்லியனுப்ப இருந்தனான்," என்றார் கனகரத்தினம். "அந்த மெட்ராஸ்காரன் கள்ளன். பாட்டு எங்கட வீட்டுச் சொத்து. பாருங்கோ."

பெரிய டிவியில் 'மணல் வழி' ஓடியது. வாடகைக் குதிரை ஒன்றின் மேல் கனகரத்தினம் வந்தார். ஏறியது அவருக்கும் பிடிக்கவில்லை, குதிரைக்கும் பிடிக்கவில்லை.

*மணல் வழியில் நான் நிக்கிறன்,*
*மழை வந்தால் நீ வருவாய்,*
*பேசு, நீ பேசினால் போதும்...*

கடைசி வரி வந்ததும் திரையில் ஒரு பெண்மணி அகப்பையோடு பாய்ந்து வந்து அவரைத் திட்டித் தீர்த்தாள். அவர் கண்ணில் கண்ணீர் மல்கச் சிரித்தார்.

"அந்தம்மா ஏன் சார் திட்டறாங்க?"

"பேசு எண்டுதானே வரி. மனிசி பேசினாத்தான் எங்கட ஆக்களுக்குச் சாப்பாடு செமிக்கும். வெளிநாட்டில தனிய இருக்கிறவனுக்குப் பேச ஆளில்லை. அந்த ஏக்கம்தான் பாட்டின்ர உயிர்." மூக்கை உறிஞ்சினார். "இந்த ஆழம் அவனுக்கு எங்க விளங்கப் போகுது?"

நாகஜோதி தாரகனைப் பார்த்தாள்.

"எங்கட ஊரில பேசுறதெண்டா ஏசுறது அக்கா," என்றான் அவன். "சும்மா வாயாலை சொல்லுறதெல்லாம் கதைக்கிறது."

"கிருபன்னு ஒரு பையன் விசா போகுது, தெரியுமா சார்?"

"கேள்விப்பட்டன். பாவம், எங்கட பெடியன்தான்." அவர் தொப்பியைக் கண்ணாடியில் சரி செய்தார். "ஆனா அதுக்கு நான் என்ன செய்ய? சாயந்தரம் சபையில பாப்பம், ஆரின்ர குரலுக்குக் கைதட்டு எண்டு. சீதாராமனே கூப்பிட்டிருக்கிறான், சவாலுக்கு."

மேடை கிடைக்கிறதென்றால் எதிரி கொடுத்தாலும் வாங்கிக்கொள்வது இந்த வகை மனிதர்களின் பெருந்தன்மை.

* * *

பார்க்கிங்கில் தாரகன் காரை எடுத்து ஏசியை முடுக்கினான். நாகஜோதி பின் சீட்டில் இரண்டு பாட்டையும் மாற்றி மாற்றி ஓட்டிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, உங்கட ஆக்களுக்கு ழ வராது. வழியை வலி எண்டுவினம். அந்தாள் பிழையாய்க் கேட்டிருப்பார். அவ்வளவுதான் கேஸ்."

"வழி, வலி சரி. மாலையும் மழையும்? காதுல கேட்டவன் அதைக் குழப்புவானா? ஒண்ணு நீட்டம், ஒண்ணு குட்டை. காது பண்ற தப்பு இல்ல இது. கண்ணு பண்ற தப்பு. ரெண்டு பேரும் படிச்சிருக்காங்க."

"படிச்சாலும் குழம்பாதே. மாலைக்குக் கால் இருக்கு, மழைக்கு இல்லை."

"தமிழ்ல எழுதியிருந்தா." அவள் கண்ணாடி வழியாக அவனைப் பார்த்தாள். "எம், ஏ, எல், ஏ, ஐ. படி."

தாரகன் மனதுக்குள் எழுத்துக் கூட்டினான். மலை. மழை. மாலை. வி, ஏ, எல், ஐ. வழி. வலி. ஸ்டியரிங்கை ஒரு தட்டுத் தட்டினான்.

"வாட்ஸப் தமிழ்! அப்ப இது தமிழ் எழுதத் தெரியாத தமிழர் எழுதின பாட்டு."

"இங்கேயே பிறந்து, பள்ளிக்கூடத்துல பிரெஞ்சு எடுத்து வளர்ந்த பிள்ளைங்க யாரோ. இவங்க ரெண்டு பேரும் அதை எடுத்துத் தனக்குத் தோணினபடி படிச்சுப் பாடிட்டாங்க. ஒருத்தருக்கு மணல் வலிக்குது. இன்னொருத்தருக்கு வழி கிடைச்சிருச்சு."

அப்போது தாரகனின் கைப்பேசி அடித்தது. அறைத் தோழன். "ஓம் மச்சான், இல்லை, இன்னும் டியூட்டிதான். கார்ல நிக்கிறன். பேந்து எடு."

"கார்ல எப்படிய்யா நிப்ப?" என்றாள் நாகஜோதி. "தலை இடிக்காது?"

"நிக்கிறன் எண்டா நிக்கிறேல்லை அக்கா. இருக்கிறன் எண்டு அர்த்தம். அபுதாபியில நிக்கிறன், வீட்டில நிக்கிறன், கட்டில்ல படுத்துக்கொண்டும் ரூமில நிக்கிறன் எண்டுதான் சொல்லுவம். கிருபன்கூடச் சொன்னானே, மனிசி விசாவில நிக்கிறா எண்டு."

நாகஜோதி சிரிக்க ஆரம்பித்தாள். சிரித்துக்கொண்டே மணல்மேட்டில் நிற்கும் சீதாராமனை ஒருமுறை ஓடவிட்டாள். அகப்பையோடு பாயும் பெண்மணியை ஒருமுறை ஓடவிட்டாள்.

"விழாவுக்கு விடு," என்றாள். "யார் எழுதினதுன்னு தெரிஞ்சுபோச்சு. இனி அவங்க வாயால வரணும். நான் சொன்னா அது கோள் மூட்டறது."

"ஆர் அக்கா?"

"இந்த ரெண்டு பேரும் திருடிட்டுக் கொஞ்சமாவது பயந்தாங்களா? இல்ல. ஏன்? தெருவுல எடுத்தாத்தான் திருட்டுன்னு நினைக்கிற ஜாதி. வீட்டுக்குள்ள எடுத்தா உரிமை."

* * *

அரங்கத்தின் ஒப்பனை அறையில் இரண்டு தொப்பிகளும் ஒரே கண்ணாடிக்காகப் போட்டியிட்டுக்கொண்டிருந்தன. சீதாராமனின் மகள் ரக்ஷிதா, விளம்பரக் கம்பெனியில் வேலை பார்ப்பவள், அப்பாவின் சமூக ஊடகங்களுக்காக வேண்டா வெறுப்பாகப் படம் பிடித்துக்கொண்டிருந்தாள். கனகரத்தினத்தின் மகன் நிதின், அவரது கிட்டாரைச் சுமந்துகொண்டு கதவோரம். கிட்டாரை அப்பாவால் வாசிக்க முடியாது, பிடித்துக்கொள்ள மட்டும்தான்.

"அறிக்கை?" என்று கை நீட்டினார் சீதாராமன்.

"ஒரு சின்னச் சந்தேகம் மட்டும் பாக்கி," என்றாள் நாகஜோதி. "பேசு, நீ பேசினால் போதும்னு வருதே, அங்க என்ன சார் நடக்குது?"

"மௌனத்தின் முன் மொழி மண்டியிடுகிறது."

"விசர்க்கதை!" என்றார் கனகரத்தினம். "மனிசி ஏசுகிறா!"

"ஏசுகிறாளா? இது என்ன குடும்பச் சண்டைப் பாட்டா?"

"உன்ர மணல் வலிக்கு நான் தைலம் தரட்டோ?"

ரக்ஷிதாவின் கேமரா அப்பாவை விட்டு விலகியிருப்பதைத் தாரகன் கவனித்தான். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். அது சிரிப்பு அல்ல. தான் சமைத்ததை ஒருவன் மாட்டுக்கு வைப்பதைப் பார்க்கிறவளின் முகம் அது.

"விடுங்க, பெரிய மனுஷங்க விஷயம்," என்றாள் நாகஜோதி. "கிருபன்தான் திருடன்னு எழுதிடறேன். நாளைக்குக் காலைல புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேருக்கும் விசா கேன்சல். அந்தப் பொண்ணு பெட்டிகூட அடுக்கிட்டா."

கேமரா தாழ்ந்தது. "கிருபன் அண்ணாவா? அவர் என்ன பண்ணார்?"

"கண்ணா, இது உனக்கு..."

"Appa, stop. அவர் ஒண்ணும் பண்ணலை." அவள் கேமராவை நிறுத்தினாள். "அது வலி இல்லப்பா. வழி. மணல் வழி! மாலையும் இல்ல, மழை. இங்க மழை பெஞ்சா ஆபீஸ் லீவு விடுவாங்க, அன்னிக்குத்தான் பாக்க முடியும். அதான் அந்த லைன். என் போன்ல இருக்கறது எல்லாம் உங்க ஐபேட்ல வந்துடும்னு எனக்குத் தெரியாது. நிக்கிறேன்னா standing இல்ல. நான் இங்கதான் இருக்கேன், போகலைன்னு அர்த்தம். நீங்க பாட்டுக்கு ஏறி நிக்கறீங்க!"

சீதாராமன் நாற்காலியைத் தேடினார். முதன்முறையாக உட்கார்ந்தார்.

கனகரத்தினத்தின் முகமோ தீபாவளியானது. "கேட்டியளோ! நிக்கிறன் எண்டா இருக்கிறன். சுத்தமான யாழ்ப்பாணத் தமிழ்! இந்தப் பிள்ளையே சொல்லுது. அப்ப பாட்டு ஆரின்ர? எங்கட ஆளின்ர!"

"ரொம்ப சரி சார்," என்றாள் நாகஜோதி. "அந்த வரி உங்க ஆளோடதுதான். சென்னைப் பொண்ணுக்கு நிக்கிறேன்னா இருக்கேன்னு யார் சொல்லிக் குடுத்தது? அதே மாதிரி, பேசினா போதும்ங்கற வரி இவளோடது. பேசுன்னா இவ ஊர்ல பேசறதுதான். அகப்பை எல்லாம் கிடையாது. முதல் வரி ஒருத்தர், கடைசி வரி ஒருத்தர். இது டூயட். நீங்க ரெண்டு பேரும் ஆளுக்கொரு தொப்பியைப் போட்டுக்கிட்டு முழுசையும் தனியா பாடிட்டீங்க."

"எங்கட ஆள் எண்டா... ஆர்?"

கதவோரம் கிட்டார் பெட்டி மெதுவாகத் தரையில் வைக்கப்படும் சத்தம் மட்டும் கேட்டது.

"நான்தான் அப்பா," என்றான் நிதின். "மெட்டை நான் முனகி அனுப்பினது. நீங்கள் பாவிக்கிற பழைய போன் என்ட அக்கவுண்டிலதான் ஓடுது, எனக்கு வாறதெல்லாம் அதிலயும் வரும்."

கனகரத்தினம் மகனைப் பார்த்தார். அந்தப் பெண்ணைப் பார்த்தார். அவளுடைய அப்பாவைப் பார்த்தார். சீதாராமனும் அதே வரிசையில் பார்த்து முடித்திருந்தார். ஒருவரையொருவர் கள்ளன் என்று தூற்றியவர்கள் முதன்முறையாக ஒரே குரலில் சொன்னார்கள்:

"நடக்காது!"

"ஒருத்தரும் இன்னும் கல்யாணமே கேக்கேல்லை," என்றான் தாரகன். "மண்டபத்துக்கு அட்வான்ஸும் குடுக்கேல்லை. அதுக்குள்ள ஏன் சம்பந்திமார் ஒற்றுமையாகிறியள்?"

"இந்த விஷயம் இந்த அறையைத் தாண்டக் கூடாது," என்றார் சீதாராமன். ழகரப் பேரவைத் தலைவரின் மகள் எம்-ஏ-எல்-ஏ-ஐ என்று மழை எழுதுகிறாள் என்பது காதலைவிட அவரை அதிகம் வாட்டியது என்று தாரகனுக்குத் தோன்றியது.

"தாண்டாது," என்றாள் நாகஜோதி. "நீங்க கேட்ட அறிக்கையை ரெண்டு வரியில வச்சிருக்கேன். மேடையில வாசிக்கவா? இல்ல, சாகிர் பாய்க்கு போன் போடறீங்களா? ஸ்பீக்கர்ல."

வெளியே அறிவிப்பாளர் 'கன்ட்ரி-பாப் சிங்கம்' என்று தொடங்கிவிட்டார். சீதாராமன் எண்ணை அழுத்தினார்.

"சாகிர் பாய்... ஹாங், மைன் போல்ரஹா ஹூன்... கிருபன் கேன்சல், மாஃபி. மாஃபி கேன்சல். அவன் மேல தப்பு இல்லை. கலாஸ்."

தூய தமிழுக்காக வாழ்ந்தவரின் வாயிலிருந்து அன்றைக்கு வந்த ஒரே உபயோகமான வாக்கியம் அதுதான். அதில் இந்தியும், 'இல்லை', 'முடிந்தது' என்பதற்கான அரபியும் போகத் தமிழ் கொஞ்சம்தான் இருந்தது. மறுமுனையில் சாகிர், "அச்சா, பேப்பர் இன்னும் கொடுக்கலை, கிழிச்சுடறேன்," என்றதும் நாகஜோதி தலையசைத்தாள்.

"சிங்கம் மேடைக்கு வரவும்!" என்றது வெளியே மைக்.

சிங்கம் அசையவில்லை. ரக்ஷிதா கேமராவை அப்பாவின் மடியில் வைத்தாள். நிதின் கிட்டாரை எடுத்தான். எந்த வேஷமும் இல்லாமல், ஆபீஸ் சட்டையோடு, இருவரும் அப்பாக்களைக் கடந்து நடந்தார்கள்.

தாரகன் அரங்கின் பின்பக்கம் ஓடினான். ஒலிக் கருவிகளுக்குப் பின்னால், திருட்டுப் பட்டம் வாங்கக் காத்திருந்தவனாகக் கிருபன் உட்கார்ந்திருந்தான். விழாவுக்கு ஒலியமைப்பும் அவன் பொறுப்புதான்; கடைசி டியூட்டி என்றாலும் முடித்துவிட்டுப் போகிறவன்.

"டேய், கேன்சல் கேன்சலாம்!"

கிருபனுக்கு விளங்க நேரமாயிற்று. விளங்கியதும் அவன் சிரிக்கவில்லை, அழவில்லை. கைப்பேசியை எடுத்து மனைவியை அழைத்தான்.

"சிவரூபி, பெட்டியைத் திற... ஓம், உண்மைதான். போகேல்லை. எல்லாத்தையும் வெளியில எடு."

மறுமுனை வெடித்தது. பக்கத்தில் நின்ற தாரகனுக்கே ஒவ்வொரு சொல்லும் கேட்டது. காலையிலிருந்து எடை நிறுத்து நிறுத்து, குக்கரை எடுத்து, செருப்பை மாற்றி, முப்பது கிலோவுக்குள் அடக்கி, பெட்டி மேல் ஏறி இருந்து பூட்டி இப்பதான் கயிறு கட்டி முடித்தேன், இதைக் கொஞ்சம் முந்திச் சொல்ல வாய் இல்லையா உங்களுக்கு...

கிருபன் கைப்பேசியைக் காதோடு சேர்த்து அழுத்திக்கொண்டான். மற்றக் கையால், மேடையில் நின்ற இருவருக்குமாக இரண்டு மைக்குகளைத் திறந்தான்.